பர்மா சண்டைக்குப் போன தாத்தா: ரெக்கார்டை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் அப்பா திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். 1942 வாக்கில் பட்டாளத்தில் சேர்ந்து 1946இல் ஊர் திரும்பியவர். ‘பர்மா சண்டைக்குப் போனவர்’ என்பது வீட்டுப் பேச்சு. பெரிய மாமா மட்டும் ‘இல்லை, அவர் நேதாஜி படையில் இருந்தார்’ என்கிறார். கையில் இருப்பது யூனிபார்மில் எடுத்த ஒரு போட்டோவும், ரிப்பன் போன ஒரு வட்ட மெடலும். லண்டனுக்கு எழுதினால் ரெக்கார்டு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்த நாலு வருடம் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதுதான். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். ரெக்கார்டு லண்டனில் இல்லை. இந்தியாவிலும் முழுசாகக் கிடைப்பது சந்தேகம். அவர் எங்கே இருந்தார் என்பதை, அவருடைய யூனிட் மட்டும் தெரிந்துவிட்டால், பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் சில வருடங்கள் ஒரு ரெக்கார்டு ஆபீஸில் ஓடின. ஊருக்கு வந்தபிறகு வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இந்தத் தேடலில் கூட நின்றிருக்கிறேன். தரைப்படை மட்டும்தான் எனக்குப் பழக்கம். கடற்படை, விமானப்படைப் பக்கம் நான் கை வைத்ததில்லை, அதனால் அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

லண்டன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளம், அதனால் காகிதமெல்லாம் அவனோடு கப்பலேறியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவம் வேறு, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்திய ராணுவம் வேறு. பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், அரசரின் கமிஷன் பெற்ற அதிகாரிகளுடைய கோப்புகள் இருக்கின்றன. சிப்பாய், நாயக், ஹவில்தார் போன்றவர்களின் கோப்புகள் அங்கே போகவில்லை. அவை அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸிலேயே இருந்தன. 1947இல் ரெஜிமென்ட்டுகளைப் பிரித்தபோது, பாகிஸ்தானுக்குப் போன ரெஜிமென்ட்டுகளின் காகிதங்களும் அவற்றோடு போயின. தமிழ்ச் சிப்பாய்கள் இருந்த பிரிவுகளுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. ஆகவே, ‘லண்டனிலிருந்து உங்கள் தாத்தாவின் சர்வீஸ் ரெக்கார்டை வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் எங்கே என்றால், அது அவர் இருந்த பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது இன்றைய மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூர். லாரி ஓட்டியவர், ரேஷன் சப்ளையில் இருந்தவர் என்றால் அன்றைய ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதற்கும் பெங்களூர்தான். ரோடு போடுவது, சுமை தூக்குவது போன்ற உடலுழைப்பு வேலைகளுக்கான பயனியர் கோரும் பெங்களூரே. சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, ஆஸ்பத்திரி வேலையில் இருந்தவர்களுக்கு லக்னோ, வண்டி ரிப்பேர் வேலை பார்த்த ஈ.எம்.ஈ.க்கும் ஆயுத, தளவாடக் கிடங்குகளைப் பார்த்த ஆர்ட்னன்ஸுக்கும் செகந்திராபாத். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மத்திய அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ‘ராணுவ அமைச்சகம், டெல்லி’ என்று முகவரி எழுதி அனுப்பிவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அலுவலகத்தில் என்ன இருக்கும் என்பதில்தான் மனதைக் கொஞ்சம் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். 1939இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945இல் 25 லட்சத்தைத் தொட்டது. போர் முடிந்ததும் அதில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருட சர்வீஸ் வேண்டும். உங்கள் தாத்தாவைப் போல நாலு வருடம் இருந்தவர்களுக்குப் பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லாதவரின் ஷீட் ரோல் (ஒருவருடைய சர்வீஸ் விவரங்களை எழுதிய தாள்) முதலான காகிதங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. 1946இல் வெளியே வந்தவருக்குக் கணக்குப் போட்டால் 1971. அதனால் அவருடைய முழுக் கோப்பு இன்றைக்கு அநேகமாக இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு வரி: எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் என்ற அளவில். அதை அழிப்பதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். ‘என் தாத்தாவின் முழு விவரமும் வேண்டும்’ என்று எழுதினால், ‘ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன’ என்று ஒரு வரியில் பதில் வரும், அதில் பொய்யும் இருக்காது. லாங் ரோலில் உள்ள பதிவின் நகல் வேண்டும் என்று பேரேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால், யாராவது எழுந்து போய் அந்தப் பேரேட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

திறக்க வேண்டுமானால் அவருடைய ராணுவ எண் வேண்டும். லட்சக்கணக்கான பெயர்களில் எத்தனை முனுசாமி, எத்தனை கோவிந்தசாமி! வெறும் பெயரோடு போனால் யாராலும் தேட முடியாது. எண்ணும் யூனிட்டும் உங்கள் வீட்டிலேயே, அந்த மெடலில் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் உலகப் போர் மெடல்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்குப் பொறித்துக் கொடுத்தார்கள். வட்ட மெடல் என்றால் அதன் விளிம்பில், நட்சத்திர வடிவம் என்றால் பின்பக்கத்தில் எண், பதவி, பெயர், யூனிட் சுருக்கம் என்ற வரிசையில் சின்னச் சின்ன ஆங்கில எழுத்தாக இருக்கும்.

போளூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டிலும் பர்மாக் கதைதான். தாத்தாவின் நட்சத்திர மெடல் ஒன்றைப் பூஜை அறையில் வைத்து, வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் துலக்கிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பின்பக்கம் திருப்பினால் ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்கு எடுத்துப் போய் வெயில் படுக்கையாக விழும்படி சாய்த்துப் பிடித்தேன். பிறகு சாக்பீஸ் பொடியை விரலால் லேசாகத் தடவித் துடைத்தேன். மூன்று இலக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன, இரண்டு அரைகுறை. அப்புறம் சாப்பர் என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம், பெயரின் முன்பாதி. முன்பக்கத்தில் எழுதியிருந்ததோ ‘இத்தாலி ஸ்டார்’. எழுபது வருடமாக முன்பக்கத்தை யாரும் எழுத்துக்கூட்டிப் படிக்கவில்லை. அவர் பர்மா போனதற்கு எந்தத் தடயமும் இல்லை. இத்தாலி மலைகளில் பாலம் கட்டியும் கண்ணிவெடி பொறுக்கியும் காலம் தள்ளிய மனிதர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கடல் தாண்டின எந்தச் சண்டையும் ‘பர்மா சண்டை’தான். பாட்டிகளுக்கு வரைபடம் அவ்வளவு போதும். ஆக, உங்கள் வீட்டுக் கதையிலும் ‘சண்டைக்குப் போனார்’ என்பதை நம்புங்கள். ‘பர்மா’ என்பதை இப்போதைக்குக் கேள்விக்குறியோடு வையுங்கள்.

உங்களிடம் இருப்பது வட்ட மெடல். பின்பக்கத்தில் ஒரு சிங்கம் இரண்டு தலை டிராகன்மேல் நிற்கிறதா? அப்படியானால் அது வார் மெடல். 1939 செப்டம்பர் 3க்கும் 1945 செப்டம்பர் 2க்கும் இடையில் 28 நாள் முழுநேர சர்வீஸ் இருந்தாலே கிடைத்தது, பெங்களூரைத் தாண்டாதவருக்கும் கிடைத்தது. இந்திய வரைபடம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். போர்முனைக்கு வெளியே மூன்று வருடம் சர்வீஸ் செய்தவர்களுக்கு அது. உங்கள் தாத்தா 1942 செப்டம்பருக்கு முன் சேர்ந்திருந்தால்தான் அந்த மூன்று வருடக் கணக்கே வரும், அதையும் சேர்த்துப் பார்த்தால் பர்மாக் கதைக்கு அதிக நாள் மிச்சமில்லை. பர்மா போனவருக்கு அடையாளம் பர்மா ஸ்டார்: ஆறுமுனை நட்சத்திரம், கருநீல ரிப்பனில் நடுவே அகலமான சிவப்புக் கோடு, இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடு. வங்காளம், அஸ்ஸாம் எல்லையில் குறிப்பிட்ட காலத்தில் வேலை செய்தவர்களுக்கும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். எனவே பர்மா ஸ்டார் இருந்தாலும் பர்மாவுக்குள் கால் வைத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. இம்பால் ரோடு போட்டவராகவும் இருக்கலாம். நட்சத்திரம் இல்லை என்பதாலும் ஒன்றும் முடிவாகாது. தொலைந்திருக்கும், அடகுக்குப் போயிருக்கும், குழந்தை விளையாடிக் கிணற்றில் போட்டிருக்கும். மெடலைத் தயவுசெய்து புளி, பாலிஷ் எதுவும் போட்டுத் துலக்காதீர்கள், எழுத்து தேய்கிறது.

போட்டோவையும் நல்ல ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். தோள்பட்டையில் பித்தளை எழுத்துகள் தெரிந்தால் ரெஜிமென்ட் பெயர் கிடைத்த மாதிரி. தலையில் விளிம்பில்லாத, டப்பா மாதிரி உயர்ந்து நிற்கும் தொப்பி இருந்தால் அது டூப்டா. அது மெட்ராஸ் சாப்பர்ஸுக்கே உரியது. ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்று கூப்பிடுவது அவர்களைத்தான். புஜத்தில் துணிச் சின்னம் இருந்தால் அது டிவிஷன் அடையாளம். கறுப்புப் பூனை என்றால் பர்மாவில் இருந்த 17வது டிவிஷன். சிவப்புக் கழுகு என்றால் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்த 4வது டிவிஷன். ஒரு எச்சரிக்கை: லீவில் வந்தவர்கள் ஸ்டூடியோவில் நண்பனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டதும் உண்டு.

மெடல் பேசவில்லை என்றால் அடுத்து பாட்டியின் காகிதங்கள். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாந்திர உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. உங்கள் பாட்டி அதை வாங்கியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கோப்பு இருந்திருக்க வேண்டும். அந்தக் கோப்பில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் இருக்கும். அது இருந்தால் எண், யூனிட், சேர்ந்த தேதி எல்லாம் ஒரே தாளில் கிடைத்துவிடும். மாவட்டம் பிரிந்த கதையை மறக்காதீர்கள். திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டம். பழைய கோப்பு வேலூரிலும் இருக்கலாம். என் அனுபவத்தில் ரெக்கார்டு ஆபீஸில் கிடைக்காத காகிதம் பாதி நேரம் இந்த வழியில்தான் கிடைத்திருக்கிறது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரத்துக்கு நடுவே மடித்து வைத்த பழைய மணியார்டர் ரசீது இருந்தால் அதையும் விடாதீர்கள். சிப்பாய்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது, ரசீதில் அவருடைய எண் இருக்கக்கூடும்.

எண் கிடைத்ததும் ரெக்கார்டு ஆபீஸுக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் (பழைய பெயரில்: வட ஆற்காடு), ஏறத்தாழ சேர்ந்த வருடம், விலகிய வருடம். கூடவே இறப்புச் சான்றிதழ் நகல், நீங்கள் மகள் வழிப் பேரன் என்பதற்கான வாரிசுச் சான்றிதழ் நகல். ஒரிஜினல் எதையும் அனுப்பாதீர்கள். பெயரின் எழுத்துக்கூட்டை நான்கைந்து விதமாகக் கொடுங்கள். பஞ்சாபி கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமி முனிஸ்வாமி ஆகியிருப்பார், ஏழுமலை எப்படி ஆகியிருப்பார் என்று நானே ஊகிக்க மாட்டேன். வயதையும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஆள் சேர்க்கும் இடத்தில் வாயில் வந்த வயதைச் சொன்னவர்கள் ஏராளம்.

இரண்டு மாதத்தில் பதில் வரவில்லை என்றால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு) போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர வேண்டிய கெடு 30 நாள். ‘தனிநபர் தகவல்’ என்று மறுத்தால், 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வுகளைப் பற்றிச் சட்டத்தின் 8(3) பிரிவு சொல்வதைக் குறிப்பிட்டு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் ஆர்.டி.ஐ. போடுவதை நான் விரும்புவதில்லை. ஆர்.டி.ஐ.க்கு வருவது சட்டப் பதில். ‘ஐயா, எங்கள் தாத்தா உங்கள் ரெஜிமென்ட்காரர்’ என்று ஆரம்பிக்கும் சாதாரணக் கடிதத்துக்குச் சில நேரம் மனிதப் பதில் வரும்.

இப்போது லண்டனுக்கு வருவோம், இந்த முறை சரியான காரணத்துக்காக. யூனிட் தெரிந்துவிட்டால், அந்த யூனிட் எழுதிய வார் டைரி, லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கலாம். பர்மா முனைக்கு டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 172 என்ற வரிசை, மத்தியக் கிழக்குக்கு 169, இத்தாலிக்கு 170. யூனிட் அன்றன்று எங்கே இருந்தது, என்ன செய்தது என்ற குறிப்பு அது. அதில் தாத்தா பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். அதிகாரிகளுக்குத்தான் பெயர், சிப்பாய்கள் ‘இருவர் காயம்’ என்ற எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். பெயர் வேண்டுமானால் வீரப் பதக்கப் பரிந்துரைகள் உள்ள டபிள்யூ.ஓ. 373 வரிசையையும், இணையத்தில் இலவசமாகத் தேடக்கூடிய லண்டன் கெஜட் என்ற அரசிதழையும் பார்க்கலாம். மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோவில், மற்றவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்த செய்தியை அந்தக் கெஜட்டில் இன்றும் படிக்கலாம். பதக்கம் வாங்காதவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை, வாங்காதவர்கள்தான் அதிகம்.

இறந்துபோனவரைத் தேடுகிற யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷனின் இணையப் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் பல பெயர்களுக்கு எண், யூனிட், தகப்பன் பெயர், ஊர் வரை இருக்கிறது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் ரங்கூன் பக்கம் தவுக்கியானிலும் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

கடைசியாக, பெரிய மாமாவின் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம், அதாவது நேதாஜி படை) பேச்சு. அதைத் தள்ளிவிட மாட்டேன், ஆனால் தேதியை வைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அங்கே ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்திய வீரர்களிலிருந்தும், மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்களிடமிருந்தும்தான் ஐ.என்.ஏ.வின் பெரும்பகுதி ஆள் சேர்ந்தது. உங்கள் தாத்தா 1942இல் ஊரில் சேர்ந்தவர் என்பது நிஜமானால், பயிற்சி முடிவதற்குள் சிங்கப்பூர் போய்ப் பிடிபட நேரமில்லை. அதன்பின் பர்மா முனையில் பிடிபட்டுச் சேர்ந்திருக்கலாம், அது அபூர்வம். சேர்ந்த வருடம் 1940 அல்லது 41 என்று தெரியவந்தால் மட்டும் மாமா சொல்வதற்குப் பலம் கூடும். அப்போது தேட வேண்டிய இடமும் மாறும். பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் ஐ.என்.ஏ. தொடர்பான 990 கோப்புகளை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதைவிடக் கைக்கு எட்டுகிற இடம் கலெக்டர் ஆபீஸ். அவர் சுதந்திரப் போராட்டத் தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்திருந்தால், ஐ.என்.ஏ. சேவைக்கான ஆதாரத்தை அதோடு வைத்திருப்பார். ஒன்றை மாமாவிடம் பக்குவமாகக் கேளுங்கள்: ‘நேதாஜி படை’ என்று தாத்தா வாயால் சொல்லிக் கேட்டாரா, அல்லது பின்னால் ஊரில் யாராவது சொன்னதா? ‘எந்த ரயிலில் போனார், கப்பல் ஏறினாரா, மழையா பனியா’ என்றும் கேளுங்கள். யூனிட் பெயரை மறந்தவர்களுக்கும் பனி ஞாபகம் இருக்கும். ‘கை மரத்துப் போகும்’ என்று தாத்தா சொன்னதாக வந்தால் நான் இத்தாலியை நினைப்பேன். ‘அட்டை கடித்தது’ என்று வந்தால் பர்மாவையும் அஸ்ஸாமையும்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். மெடலை எடுத்து, சாயங்கால வெயிலில் விளிம்பைச் சுற்றிச் சுற்றி, செல்போனில் பத்துப் படம் எடுங்கள். தெரிகிற எழுத்துகளை, பாதி எழுத்தாக இருந்தாலும், அப்படியே இங்கே எழுதுங்கள். எந்த ஆபீஸுக்குக் கடிதம் போட வேண்டும் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.